குடோனுக்குள் ஒரு மாடி: மெசனைன் போட்ட அனுபவத்தில் தெரிந்துகொண்டவை

கிடங்கில் இடம் போதவில்லை என்றதும் எல்லோருடைய கண்ணும் தரையைத்தான் பார்க்கும். இன்னொரு ரேக்கை எங்கே நுழைக்கலாம், எந்த நடைவழியைக் குறுக்கலாம் என்றுதான் பேச்சு போகும். தலைக்கு மேலே சும்மா இருக்கும் உயரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1,000 சதுர மீட்டர் தரையும் 8 மீட்டர் உயரமும் உள்ள கிடங்கு என்றால் 8,000 கன மீட்டர். அதில் கைக்கு எட்டும் 2 மீட்டர் வரை மட்டும் அலமாரி போட்டு வைத்திருந்தால் முக்கால்வாசி காற்றைத்தான் பூட்டி வைத்திருக்கிறோம்.

அந்தக் காற்றைத் தளமாக மாற்றுவதுதான் மெசனைன். தனித் தூண்களில் நிற்கும் வகை, ரேக்குகளையே தூணாக வைத்து மேலே தளம் போடும் வகை இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். திட்டம் போடுவதில் தொடங்கி, வந்த பிறகு தினமும் அதில் ஏறி இறங்குவது வரை பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று. "எத்தனை சதுர மீட்டர் கிடைக்கும்?" என்ற கேள்வியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். மேலே எவ்வளவு எடை இருக்கப் போகிறது, அந்தச் சரக்கு எப்படி ஏறி எப்படி இறங்கப் போகிறது என்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பரப்பளவு அதுவாகவே முடிவாகிவிடும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு வருடமாக அசையாத சரக்கு எது, யாரும் கேட்டு வராத உதிரி எது, காலிப் பேலட்டும் (சரக்கை அடுக்கித் தூக்கும் மரத்தட்டு) உடைந்த ரேக் துண்டும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுங்கள். சில இடங்களில் அந்தப் பட்டியலே மெசனைனுக்கான தேவையைப் பாதியாகக் குறைத்துவிடும். நகராத சரக்கை மாடிக்கு ஏற்றி வைக்க இரும்பு வாங்குவது வீண் செலவு.

சரி, எடைக்கு வருவோம். மெசனைனின் தாங்குதிறனை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்வார்கள். 250, 350, 500, 750, 1,000 என்று போகும். 500 கிலோ என்று கேட்டதும் தாராளம் என்று தோன்றும். ஏ4 காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 500 தாள் கொண்ட ஒரு ரீம் ஏறக்குறைய 2.5 கிலோ, ஐந்து ரீம் பெட்டி 12.5 கிலோ. ஒருவர் சாதாரணமாகத் தூக்கிவிடுவார். அதே பெட்டிகளை நெருக்கமாக 1.5 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய ஒரு டன் வந்துவிடும். தண்ணீரைப் போன்ற கனமுள்ள திரவப் பொருள் என்றால் முழங்கால் உயரத்தைத் தாண்டியதுமே 500 கிலோவை நெருங்கிவிடும். ஆயத்த ஆடைப் பெட்டிகளோ அதே உயரத்தில் இதில் சிறு பங்குதான் வரும். "நம்முடையது எல்லாம் சின்னப் பெட்டிதான்" என்ற பேச்சை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

அலமாரிகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம், ஐந்து தட்டு, தட்டுக்கு 100 கிலோ என்று ஓர் அலமாரி. அது நிற்கும் இடம் அரை சதுர மீட்டர், எடை 500 கிலோ. அதாவது அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 1,000 கிலோ. ஆனால் முன்னால் 1 மீட்டர் நடைவழி இருந்து, அதில் பாதியை இந்த அலமாரியின் பங்காகச் சேர்த்தால் சராசரி 500 கிலோவாக இறங்கும். சப்ளையர்கள் சராசரியைச் சொல்வார்கள். சராசரி பீமுக்கும் தூணுக்கும் உதவும், தளப் பலகைக்கு உதவாது. பலகைக்கு அலமாரிக் காலின் கீழே வரும் புள்ளிச் சுமைதான் முக்கியம். ஒட்டி ஒட்டி நிற்கும் அலமாரிகள் காலைப் பகிர்ந்துகொண்டால் ஒரு காலில் 250 கிலோ விழும். கால் தகடு சின்னதாக இருந்தால் பலகையில் பள்ளம் விழத் தொடங்கும். இதைவிடக் கடுமையானது பேலட்டைத் தூக்கி நகர்த்தும் சின்ன வண்டியான பேலட் டிரக். ஒரு டன் பேலட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எடையில் பெரும்பகுதி ஃபோர்க் நுனியில் இருக்கும் சின்ன உருளைகள் வழியாகத்தான் இறங்குகிறது. அந்த உருளைகள் தளத்தைத் தொடும் இடம் சில சதுர சென்டிமீட்டர்தான். "மேலே பேலட் டிரக் ஓடுமா, எத்தனை கிலோவோடு ஓடும்?" என்பதை எழுத்தில் கொடுத்துத்தான் விலை கேட்க வேண்டும்.

நாங்கள் செய்தது மிக எளிமையான வேலை. மேலே போகப்போகும் பொருள்களில் ஒவ்வொரு வகையிலும் சில பெட்டிகளை எடுத்துத் தராசில் வைத்தோம். கணினியில் பொருள் எடை என்ற இடம் பல வரிகளில் காலியாக இருந்தது, சிலவற்றில் பழைய பேக்கிங்கின் எடை இருந்தது. உண்மையான எடையை எழுதியபின், மேலே போக வேண்டியவை என்று குறித்திருந்த சில வகைகள் கீழேயே நின்றன. கீழே கிடந்த சில பெரிய பெட்டிகள் இலேசானவை என்று தெரிந்து மேலே போயின. இந்த வேலைக்குச் செலவென்று ஒன்றும் இல்லை, ஆனால் மொத்தத் திட்டத்திலும் அதிகப் பலன் தந்தது இதுதான்.

மேலே ஏற்றும் எடை எல்லாம் கடைசியில் கீழ்த்தரைக்குத்தான் வரும். தூண்களை 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வைத்தால் நடுவில் உள்ள ஒவ்வொரு தூணும் 20 சதுர மீட்டரைச் சுமக்கிறது. சதுர மீட்டருக்கு 500 கிலோ என்றால் ஒரு தூணின் கீழே 10 டன், அதோடு இரும்பின் சொந்த எடையும் சேரும். அவ்வளவும் 30 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு) வழியாகக் கான்கிரீட் தரையில் இறங்கும். சரக்கைப் பரப்பி வைப்பதற்காகப் போட்ட தரை இந்த ஒற்றைக் குத்தைத் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அவருக்குத் தரையின் தடிமனும் உள்ளே இருக்கும் கம்பியும் கீழே உள்ள மண்ணும் தெரிய வேண்டும். நான் இருந்த ஒரு கிடங்கில் வரைபடத்தில் எழுதியிருந்த தடிமனும், கோர் எடுத்து, அதாவது தரையைத் துளைத்து ஓர் உருளைத் துண்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது வந்த தடிமனும் ஒத்துப்போகவில்லை. அது முன்பே தெரிந்ததால் பொறியாளர் தூண்களை நெருக்கி, பேஸ் பிளேட்டைப் பெரிதாக்கிக் கணக்கைச் சரிசெய்தார். வேறு சூழலில் தரையை வெட்டித் தனி அடித்தளம் போட வேண்டி வரும். கோர் எடுக்கக் கொஞ்சம் செலவும் தூசியும் ஆகும், அதைத் தவிர்க்காதீர்கள். தரையின் விரிசல் தடுப்பு இணைப்புகளுக்கு மேலே தூண் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூண்கள் எங்கே வருகின்றன என்பதை வரைபடத்தில் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒவ்வொரு தூணின் இடத்தையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, அதே அளவில் காலி அட்டைப்பெட்டிகளை நிறுத்தினோம். சில நாள் வழக்கம் போல வேலை நடந்தது. எந்தப் பெட்டி திரும்பத் திரும்ப இடித்துச் சாய்கிறது என்று பார்த்தாலே போதும், எந்தத் தூணை நகர்த்த வேண்டும் என்று தெரிந்துவிடும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள், "பேலட்டோடு திரும்பும்போது பின்பக்கம் வெளியே வீசும், இந்த மூலையில் தூண் வேண்டாம்" என்று தாங்களே சொன்னார்கள். அட்டைப்பெட்டியை நகர்த்துவதற்கு ஒரு நிமிடம் ஆகும், தூணை நகர்த்த முடியாது. கீழே ரேக் வரிசைகள் இருந்தால் தூண்களை இரண்டு ரேக்குகளின் முதுகுக்கு நடுவே மறைத்துவிடுவது நல்லது. வெளியே நிற்கும் தூண்களுக்குக் கண்டிப்பாக இடிதாங்கி வேண்டும், அதுவும் தூணில் ஒட்டாமல் தரையில் தனியாக ஊன்றியதாக.

உயரக் கணக்கு சுலபம் போலத் தெரியும். கீழே 2.4 மீட்டர், பீமும் தளமும் சேர்ந்து 35 முதல் 40 சென்டிமீட்டர், மேலே இன்னொரு 2.4 மீட்டர், அதற்கு மேல் விளக்கும், தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளரும். ஆக 5.5 முதல் 6 மீட்டர் தெளிவான உயரம் இருந்தால் இரண்டு அடுக்கு வசதியாக அமையும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், பீமின் அடிப்பகுதியோடு கணக்கு முடிவதில்லை. அதற்குக் கீழே தண்ணீர்க் குழாய் வரும், கேபிள் தட்டு வரும், விளக்கு தொங்கும். கீழே ஃபோர்க்லிஃப்ட் ஓடினால் அதன் மாஸ்ட் (முன்னால் உயரும் தூக்குக் கம்பம்) எவ்வளவு உயரம் போகும் என்பதையும் பார்க்க வேண்டும். கூரை சாய்வாக இருந்தால் ஓரத்தில் கிடைக்கும் உயரத்தை அளக்க வேண்டும், நடுவில் உள்ளதை அல்ல.

தளத்துக்கு எதைப் போடுவது என்பதில் பெரிய குழப்பம் வேண்டாம். வண்டிகள் ஓடினால் 38 மில்லிமீட்டர் கனமான அழுத்தப் பலகையோ செக்கர்டு பிளேட்டோ (புடைப்பு வரி போட்ட இரும்புத் தகடு) சரியாக இருக்கும். பலகையில் நடந்தால் சத்தம் குறைவு, ஆனால் ஈரத்தைத் தாங்காது. கம்பிச் சட்டத் தளமான கிரேட்டிங்கில் வெளிச்சமும் காற்றும் இறங்கும், ஆனால் சின்னப் பொருள்களும் தூசியும் கீழே வேலை செய்பவர் தலையில் விழும். கான்கிரீட் தளம் உறுதியானது, பின்னால் கழற்ற முடியாது.

இனி சரக்கு ஏறி இறங்கும் விஷயம். மெசனைன் வெற்றி பெறுவதும் வெறும் பரணாகிப் போவதும் இங்கேதான் முடிவாகிறது. படிக்கட்டில் பெட்டி தூக்கி ஏறுவதை ஒரு வழியாகவே எண்ணாதீர்கள். ஏறுபவரின் ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும். இரண்டு கையிலும் பெட்டி இருந்தால் அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது. படிக்கட்டு ஆளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, சரக்குக்குத் தனி வழி போட வேண்டும்.

ஃபோர்க்லிஃப்ட்டால் பேலட்டைத் தூக்கி மேல்தள வாசலில் வைப்பது செலவு குறைந்த வழி. ஆனால் ஒவ்வொரு முறையும் வண்டி வேண்டும், கீழே அதற்கான இடத்தை எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டும். கூட்ஸ் லிஃப்ட் வைத்தால் வண்டியை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். அதில் ஆள் ஏறக் கூடாது, மேடை அந்தத் தளத்தில் வந்து நின்றால் மட்டுமே கதவு திறக்க வேண்டும். கன்வேயர் தொடர்ந்து இறங்கும் சின்னப் பெட்டிகளுக்கு நல்லது. இவற்றில் எது வேண்டும் என்பதற்கு, ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி ஏறும், எத்தனை இறங்கும் என்ற எண்ணிக்கை வேண்டும். சராசரி மணியைப் பார்த்தால் போதாது, மிக நெரிசலான மணியைப் பார்க்க வேண்டும்.

ஏறுவதும் இறங்குவதும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் கவனித்தேன். சரக்கு பேலட் பேலட்டாக மொத்தமாக ஏறுகிறது, ஆர்டர் ஆர்டராகச் சில்லறையாக இறங்குகிறது. ஷிப்ட் தொடங்கும் நேரத்தில், பிக்கிங் (ஆர்டருக்கான பொருளை எடுக்கும் வேலை) சூடு பிடிக்கும் முன், பேலட்டுகளை வாசல் வழியாக ஏற்றி முடித்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் கன்வேயரில் இறக்குவது என்று பிரித்ததும் கீழ்த்தளத்தில் வண்டிகளின் நெரிசல் நன்றாகக் குறைந்தது. எதை மேலே வைப்பது என்பதற்கும் இதே நோக்குதான். இலேசானது, சின்னது, மெதுவாக நகர்வது மேலே. கனமானதும் வேகமாக நகர்வதும் கீழே. திரும்பி வந்த சரக்கைப் பிரித்துப் பார்க்கும் மேசை, செட் போட்டுக் கட்டும் வேலை ஆகியவற்றுக்கு மேல்தளம் பொருத்தம். பேக்கிங்கை மேலே கொண்டுபோவதாக இருந்தால் இறக்கும் கன்வேயர் இல்லாமல் வேண்டாம் என்பேன். பேக்கிங் மேசை மேலே வந்த இடத்தில் தராசின் எண் நிலைக்காமல் ஆடுவதைப் பார்த்தேன். பக்கத்தில் ஆள் நடந்தாலே தளம் மெல்ல அதிரும், தராசு அதை உணரும். தூணுக்கு அருகில், அசைவு குறைந்த இடத்துக்கு மேசையை மாற்றியதும் எண் நின்றது.

பேலட் வாசலைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. தளத்தின் ஓரத்தில் 1.1 மீட்டர் உயரக் கைப்பிடியும், நடுவில் ஒரு கம்பியும், கீழே 10 சென்டிமீட்டர் விளிம்புத் தகடும் வைத்துவிட்டு, சரக்கு வரும் இடத்தில் மட்டும் ஒரு சங்கிலியை மாட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சங்கிலி பாதி நேரம் கழன்றுதான் தொங்கும். கீழிருந்து பேலட் வரும்போது, அதை வாங்க விளிம்பில் வந்து நிற்பவருக்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. இரட்டைக் கதவு வகை இதற்கு இருக்கிறது. வெளிப்பக்கம் திறந்தால் உள்பக்கம் மூடிக்கொள்ளும், உள்பக்கம் திறந்தால் வெளிப்பக்கம் மூடிக்கொள்ளும். எந்த நேரத்திலும் ஆளுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். வேறு எதில் செலவைக் குறைத்தாலும் இதில் குறைக்கக் கூடாது. விளிம்பை ஒட்டி அலமாரி வைத்தால் அதன் முதுகில் வலை அடியுங்கள், பின்னால் தள்ளப்பட்ட பெட்டி கீழே நிற்பவர்மேல் விழும்.

தீ பற்றிய பேச்சை இரும்பு வாங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். மேலே தளம் வந்தவுடன் கூரையில் இருக்கும் ஸ்ப்ரிங்க்ளரின் தண்ணீர் கீழ்த்தளத்தில் எரியும் தீக்குப் போய்ச் சேராது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 13 என்ற ஸ்ப்ரிங்க்ளர் தரநிலைப்படி 1.2 மீட்டருக்கு மேல் அகலமான நிலையான தடை இருந்தால் அதன் அடியிலும் ஸ்ப்ரிங்க்ளர் வேண்டும். கிரேட்டிங் தளம்கூட அந்தத் தடைப் பட்டியலில் வருகிறது, ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும் என்று சொல்லித் தப்ப முடியாது. வழக்கமான ஸ்ப்ரிங்க்ளர் என்றால் அதற்கும் சரக்கின் உச்சிக்கும் 45 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். மேல்தளத்தில் அடுக்கும் உயரத்தை இதுதான் தீர்மானிக்கிறது. சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பைப் பின்பற்றும் இடங்களில், மெசனைன் அது இருக்கும் அறையின் தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றிலும் அடங்காமல் தாண்டினால் தனி மாடியாகவே கணக்கில் எடுப்பார்கள், விதிகளும் கூடும். உங்கள் இடத்துக்கு எந்த விதி என்று அனுமதி தரும் அலுவலகத்திலும் தீயணைப்புத் துறையிலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தப்பிச் செல்ல இரண்டு படிக்கட்டு, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். படிக்கட்டின் அடி ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையில் நேராக இறங்கக் கூடாது. அவசரத்தில் ஓடி வருபவர் வண்டிக்கு முன்னால்தான் வந்து நிற்பார்.

தகரக் கூரைக்குப் பக்கத்தில் போகப் போகச் சூடு கூடும். கீழே நிற்பவருக்கு அது தெரியாது. வெயில் உச்சியில் இருக்கும்போது மேலே ஏறி அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அங்கே ஆளைப் போடுவதா என்று முடிவு செய்யுங்கள். காற்றுப் போக்கியும் மின்விசிறியும் மேலேயே குடிதண்ணீரும் வைத்த பிறகு எங்கள் ஆட்கள் தேவையில்லாமல் ஏறி இறங்குவது குறைந்தது. கீழ்த்தளமோ இருட்டிவிடும், புது விளக்குகளுக்கும் சேர்த்தே விலை கேளுங்கள்.

பொருத்தும் வேலை நடக்கும்போது கிடங்கை முழுக்க மூட வேண்டியதில்லை. போல்ட் போட்டு இணைக்கும் வகையைப் பகுதி பகுதியாக எழுப்பலாம். தரையில் துளை போடும் தூசி அட்டைப்பெட்டிகளில் படியும் என்பதால் சுற்றித் திரை கட்டச் சொல்லுங்கள். வெல்டிங் என்று யாராவது தொடங்கினால் அதற்குத் தனி அனுமதிச் சீட்டும், தீயணைப்பானோடு பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும், சுற்றிலும் அட்டையும் பிளாஸ்டிக்கும்தானே இருக்கிறது. ஏறி இறங்கத் தொடங்கிய சில வாரம் கழித்து எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்கத்துக்குப் பார்ப்பது நல்ல பழக்கம்.

தாங்குதிறன் பலகையைப் படிக்கட்டு வாசலிலும் பேலட் வாசலிலும் மாட்டுங்கள். அதில் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று மட்டும் எழுதினால் வேலை செய்பவருக்கு ஒன்றும் புரியாது. "இந்தப் பெட்டி நான்கு அடுக்குக்கு மேல் வேண்டாம்" என்று அவர் கையில் இருக்கும் பொருளின் மொழியில் எழுதினோம், அலமாரித் தூணில் ஒரு கோடும் போட்டோம். அதற்குப் பிறகு கண்காணிக்கும் வேலை பெரிதாக இல்லை. ஆனால் மேலே இருக்கும் சரக்கு மாறும். இலேசான பொருளுக்காகக் கணக்குப் போட்ட தளத்தில், ஒரு சீசனில் இடம் காலி என்று கனமான பொருள் வந்து உட்காரும். புதுப் பொருள் எதுவும் எடை பார்க்காமல் மேலே போகக் கூடாது என்பதை இருப்பிடம் ஒதுக்கும் ஆளிடமே ஒப்படைத்தால்தான் நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை தூண் வளைவு, பலகைப் பள்ளம், கைப்பிடி ஆட்டம், கதவின் இயக்கம் எல்லாவற்றையும் தகுதியுள்ள ஒருவர் பார்த்து எழுதித் தர வேண்டும்.

வாடகைக் கட்டடமாக இருந்தால் தரையில் ஒரு துளை போடும் முன்பே உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது தரையை எந்த நிலையில் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். போல்ட் இணைப்பு மெசனைனைக் கழற்றி வேறு இடத்தில் நிறுத்த முடியும் என்பது அதன் பெரிய நன்மை. அதற்கு வரைபடமும் சுமைக் கணக்கும் பத்திரமாக இருக்க வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொரு பீமுக்கும் தூணுக்கும் எண் எழுதிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். புது இடத்தின் தரைக்கும் உயரத்துக்கும் பொறியாளர் கணக்கை மறுபடி போட வேண்டும். விட்டுப்போகும் தரையில் ஆங்கர் போல்ட்டுகளை மட்டத்துக்குக் கீழே வெட்டி, துளைகளை எபாக்ஸி கலவையால் அடைத்துவிடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கம்பி போதும், அடுத்து வருபவரின் பேலட் டிரக் அதில் தட்டிச் சரக்கோடு கவிழ.